ஆறடி இரண்டு அங்குலம் என்று ஒரு பொய்

2018 மார்ச்சில் ஒரு காலை. எங்கள் கல்லூரியின் கூரை போட்ட பயிற்சி மைதானத்தில் ஒரு பையனை வெறுங்காலோடு சுவரில் ஒட்டி நிறுத்தி உயரம் அளந்துகொண்டிருந்தார்கள். அளந்தவர் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அணி ஒன்றின் ஸ்கவுட், அதாவது அணிக்கு ஆள் தேடுகிறவர். சுற்றிலும் இன்னும் பத்துப் பன்னிரண்டு அணிகளின் ஆட்கள் அட்டையும் பென்சிலுமாக நின்றார்கள். "ஆறு, சைபர் சைபர், மூன்று" என்று அவர் உரக்கச் சொல்ல, எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அது அவர்களுடைய எழுத்து முறை. முதல் எண் அடி, நடுவில் உள்ள இரண்டும் அங்குலம், கடைசி எண் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் எத்தனை பங்கு என்பது. ஆக, பையன் ஆறடிக்கு மேல் அரை அங்குலம்கூட இல்லை.

நான் அடித்துக் கொடுத்திருந்த தாளில் ஆறடி இரண்டு அங்குலம் என்று இருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. வயதான ஸ்கவுட் ஒருவர் மட்டும் என் தாளை எடுத்துப் பார்த்தார், நான்காக மடித்தார், குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு 40 கஜ ஓட்டம் நடக்கும் பக்கம் போய்விட்டார். அந்தத் தாளில் அவனைத் தவிர இன்னும் எட்டுப் பேருடைய விவரம் இருந்தது.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊர் ஹாக்கிக்குப் பேர்போன ஊர். முட்டை வடிவப் பந்தை அங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை. 2016-இல் புள்ளியியல் மேற்படிப்புக்காக ஒஹையோ, மிச்சிகன் பக்கம் இருக்கும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். பெயர் வேண்டாம். எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவன் படிப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். நூலகத்தில் இடம் இல்லை, உணவகத்தில் இடம் இல்லை. கால்பந்து அலுவலகத்தில் எக்செல் தெரிந்த ஆள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துப் போனேன். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அங்க போயும் பந்து விளையாடுற பசங்களுக்கு எடுபிடியாடா?" என்றார்.

அப்புறம் படிப்பு முடிந்தும் அதே அலுவலகத்திலேயே தங்கிவிட்டேன். பல்கலைக்கழக வேலை என்பதால் எச்-1பி குலுக்கலில் நிற்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

இந்த ஆட்டமே தெரியாமல் இதற்குள் நுழைந்த முதல் இந்தியன் நான்தான் என்று கொஞ்ச நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. அலிகரில் படித்த சலாம் குரேஷி என்ற புள்ளியியலாளர் எனக்கு அரை நூற்றாண்டு முன்பே வந்திருக்கிறார். 1960-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் பொது மேலாளர் டெக்ஸ் ஷ்ராம், கல்லூரி ஆட்டக்காரர்களைக் கணினி வைத்து எடை போட முடியுமா என்று ஐபிஎம்மின் துணை நிறுவனம் ஒன்றைக் கேட்க, அந்த வேலை குரேஷியின் மேசைக்கு வந்தது. அவருக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும். பயிற்சியாளர்கள் சொன்ன நூற்றுக்கணக்கான தன்மைகளைக் கடைசியில் ஐந்தாகச் சுருக்கினார்: குணம், வேகத்தோடு கூடிய உடல் கட்டுப்பாடு, போட்டி மனம், புத்திக் கூர்மை, பலத்தோடு வெடித்துக் கிளம்பும் திறன். இன்றைக்கும் ஸ்கவுட் அறிக்கை எதை எடுத்துப் பார்த்தாலும் வேறு வேறு பெயர்களில் இந்த ஐந்தும் இருக்கும். எங்கள் படிவத்திலும் இருந்தது.

ஆட்டம் புரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கால்பந்து என்றால் ஹெல்மெட் போட்டு மோதிக்கொள்வது. இந்தியாவில் ஐபிஎல் ஏலத்துக்குச் சின்ன வயதிலிருந்து அகாடமி, மாவட்டம், ரஞ்சி என்று பல வழி உண்டு. இங்கே தொழில்முறை அணிக்குப் போகும் வழி ஏறத்தாழ ஒன்றுதான், கல்லூரி. ஹைஸ்கூல் முடித்து மூன்று வருடம் ஆகாமல் என்எஃப்எல் யாரையும் எடுக்காது. அணிகள் முறை வைத்து ஆள் எடுக்கும் டிராஃப்ட் வருடத்துக்கு ஒன்று, 32 அணி, 7 சுற்று, சுமார் 250 பெயர்கள். கல்லூரியில் ஆடி முடிப்பவர்களில் 100-க்கு இரண்டு பேர்கூட அந்த வாசலைத் தாண்டுவதில்லை. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ சொல்லும் கணக்கு 1.6 சதவீதம். எங்கள் அலுவலகத்தின் வேலை இரண்டு முனையிலும். ஒரு முனையில் பதினேழு வயதுப் பையன்களைத் தேடிப் பிடிப்பது, இன்னொரு முனையில் இருபத்திரண்டு வயதில் வெளியே போகிறவனுக்கு ஓர் இடம் பார்ப்பது. அம்மாவுக்கு இதை விளக்கியதும், "அப்போ கல்யாணத் தரகர் வேலைன்னு சொல்லு" என்று முடித்துவிட்டார். அதைவிடச் சரியாக நான் இதுவரை சொன்னதில்லை.

பையன்களைத் தேடுவதில் எங்களுக்கு என்று ஒரு சங்கடம் இருந்தது. ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று தளங்கள் குறியிடும் பையன்கள் அலபாமா, ஜார்ஜியா, ஒஹையோ ஸ்டேட் மாதிரி இடங்களுக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு மிஞ்சுவது இரண்டு நட்சத்திரம், நட்சத்திரமே இல்லாதவர்கள். ஆனால் இந்தப் பக்கத்துச் சின்னக் கல்லூரிகளிலிருந்துதான் 2013 டிராஃப்டின் முதல் ஆளாக சென்ட்ரல் மிச்சிகனின் எரிக் ஃபிஷர் போனார், அடுத்த வருடம் ஐந்தாவது ஆளாக பஃபலோவின் கலீல் மேக் போனார். கென்ட் ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிகிறவராக, இருந்த ஜூலியன் எடல்மனை 2009-இல் ஏழாவது சுற்றில் எடுத்து அதைப் பிடிக்கும் ரிசீவராக மாற்றினார்கள். அதே கல்லூரியின் அன்டோனியோ கேட்ஸ் இன்னும் ஒரு படி மேல். கல்லூரியில் கூடைப்பந்து மட்டுமே ஆடியவர், டிராஃப்டில் யாரும் தொடாதவர், டைட் எண்டாக ஆடி 2025-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கே போய்விட்டார். இந்தக் கதைகளை எங்கள் மேலாளர் வாரம் ஒருமுறையாவது சொல்லுவார். கேட்டுக் கேட்டுச் சலித்தாலும், அதில் விஷயம் இருந்தது. இடம் மாறினால் ஆள் மாறுகிறான்.

எனக்குத் தந்த வேலை ஹட்ல் தளத்தில் வரும் வீடியோக்களைப் பார்த்துக் கழிப்பது. அமெரிக்க ஹைஸ்கூல் பையன்கள் எல்லோரும் தங்கள் சிறந்த ஆட்டங்களை மூன்று நிமிடத்துக்கு வெட்டி அதில் போட்டிருப்பார்கள். முதல் இரண்டு மாதம் எல்லாப் பையனும் எனக்கு மகாவீரனாகத் தெரிந்தான். அப்போதுதான் ஊரில் மாமா சொன்னது நினைவுக்கு வந்தது. மாமா ஹாக்கி கிளப்புக்குப் பையன்களைப் பொறுக்குகிறவர். "பந்து அவன்கிட்ட இருக்கிறப்போ பாக்காத மாப்ள, பந்து போனப்புறம் என்ன பண்றான்னு பாரு" என்பார். அதன்பிறகு மூன்று நிமிட வீடியோவை ஓரமாக வைத்துவிட்டு, தோற்ற ஆட்டம் ஒன்றின் முழுப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தேன். ஆட்டம் வலப்பக்கம் ஓடும்போது இடப்பக்கம் நிற்பவன் நடக்கிறானா, ஓடுகிறானா? நான்காம் கால்பகுதியில், 30 புள்ளி பின்தங்கி இருக்கும்போது? அனுப்பத் தயங்குகிற பையனும் உண்டு. அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

இன்னொன்று, பையன் சொல்லும் 40 கஜ நேரத்தை நம்பாதீர்கள். அது யாரோ ஒரு அப்பா ஸ்டாப்வாட்ச் அழுத்தி எடுத்தது. ஆனால் வசந்த காலத்தில் அவனே பள்ளித் தடகளப் போட்டியில் 100 மீட்டர் ஓடியிருந்தால் அந்த நேரம் மின்னணுக் கருவியில் பதிவாகி ஊரறிய இருக்கும். முன்வரிசையில் நின்று மோதுகிற லைன்மேன் என்றால் மல்யுத்தம் ஆடியிருக்கிறானா என்று பார்ப்போம். இடுப்பும் காலும் எப்படி வேலை செய்கின்றன என்பது அங்கே தெரியும். அம்மா அப்பா உயரத்தையும் கேட்போம். பதினேழில் இன்னும் வளருவானா என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இந்தப் பக்கம் பிள்ளைகளோடு குடியிருக்கும் நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு, "தம்பி, இவனுக்கு ஆஃபர் வந்திருக்கு, நம்பலாமா" என்று. ஆஃபர் என்பது பல நேரம் வெறும் வாய்ப்பேச்சு. ஓர் இடத்துக்கு எட்டுப் பேரிடம் ஆஃபர் சொல்லி வைப்பது சாதாரணம்; பையன் சொல்லும் சம்மதமும் அதே மாதிரி வாய்ப்பேச்சுதான், கையெழுத்து போடும்வரை யாரையும் கட்டாது. நான் சொல்லித் தருவது ஒரே கேள்வி. பயிற்சியாளரிடம் நேராக, "நான் இன்றைக்கே சரி என்றால் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஆம், இல்லை இரண்டும் இல்லாமல் வளைந்து பதில் வந்தால் அது ஆஃபர் இல்லை.

சரி, அந்த உயரத்துக்கு வருகிறேன். பொய் எங்கே பிறந்தது என்று அப்புறம் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். பையன் பதினாறு வயதில் ஹட்லில் ஆறடி ஓர் அங்குலம் என்று போட்டான். பள்ளிப் பயிற்சியாளர் பரிந்துரையில் அதை ஒன்றரை ஆக்கினார். எங்கள் ஊடகப் பிரிவு ஆட்டக்காரர் பட்டியல் அச்சடிக்கும்போது அரையை முழுதாக்கி இரண்டு என்று போட்டது. அந்தப் பட்டியலிலிருந்து நான் எக்செல்லில் ஏற்றினேன். நான்கு வருடம் எங்கள் கூரைக்குக் கீழே இருந்தவனை நான் ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை. பிளெஸ்டோ, நேஷனல் என்று இரண்டு ஸ்கவுட் கூட்டமைப்புகள் இருக்கின்றன; கடைசி வருடத்துக்குள் நுழையப்போகும் பையன்களை வசந்த காலத்திலேயே வந்து அளந்துவிட்டுப் போகும். இவன் அப்போது அவர்கள் பட்டியலில் இல்லை. அவன் வெளிச்சத்துக்கு வந்ததே கடைசி வருடத்தில்தான்.

உயரத்தை ஏற்றிப் போடுவது இங்கே எல்லாக் கல்லூரியிலும் நடக்கும், ஸ்கவுட்களுக்கும் அது தெரியும் என்று என்னைச் சிலர் ஆறுதல்படுத்தினார்கள். உண்மைதான். ஆனால் ரசிகர்களுக்கு அச்சடிக்கும் தாள் வேறு, ஸ்கவுட் கையில் கொடுக்கும் தாள் வேறு. அந்த வித்தியாசம் எனக்குப் புரியாமல் போனதுதான் குற்றம்.

அந்தப் பையன் லைன்பேக்கர், தடுக்கும் அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவன். அவனை டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. ஆறடியில் நல்ல லைன்பேக்கர்கள் என்எஃப்எல்லில் இருக்கிறார்கள், உயரத்தால் மட்டும் போகவில்லை. ஒரு அணி மூன்று நாள் முகாமுக்கு வந்து ஆடிக் காட்டு என்று கூப்பிட்டது, ஒப்பந்தம் இல்லாமல். போனான், திரும்பி வந்தான். மறு வருடம் எங்களிடம் நிஜமாகவே வேகமான ஒரு கார்னர்பேக் இருந்தான். அவனுடைய நேரத்தை ஓர் அணிக்கு அனுப்பினேன். "அளவெல்லாம் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், நீங்கள் வீடியோவை மட்டும் அனுப்புங்கள்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. மரியாதையான வரிதான். ஆனால் அந்த மார்ச்சில் எங்கள் புரோ டேவுக்கு, அதாவது ஸ்கவுட்கள் கல்லூரிக்கே வந்து அளந்து பார்க்கும் நாளுக்கு, வந்த அணிகள் ஏழு.

மேலாளர் கத்துகிறவர் அல்ல. ஒரு நாள் இரும்புக் கடையிலிருந்து அளவு நாடா வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். அன்றிலிருந்து ஜூலை மாதம் முழு அணியையும் காலணி கழற்றி அளந்தோம். உயரம், எடை, கை நீளம், விரித்த உள்ளங்கை, இரண்டு கையையும் விரித்தால் வரும் அகலம். எட்டில் ஒரு பங்கு வரைக்கும். யார் முகம் சுளித்தாலும் சரி. அறிக்கையின் வரிசையையும் மாற்றினோம். முதலில் குறை, பிறகு நிறை. "இவனுக்கு இடப்பக்கம் திரும்ப நேரமாகிறது, பின்வாங்கி ஓடும்போது இடுப்பு விறைக்கிறது" என்று முதல் வரியில் எழுதிவிட்டால், கீழே எழுதும் நல்ல வார்த்தைகளுக்குக் காது கிடைக்கிறது.

ஸ்கவுட்கள் ஆகஸ்டிலிருந்து வர ஆரம்பிப்பார்கள். காலை ஏழு மணிக்கே ஓர் அறையில் உட்கார்ந்து மூன்று நான்கு ஆட்டங்களைப் பார்த்துவிடுவார்கள், பிறகு கேள்வி. எனக்கு ஆச்சரியம், ஆட்டத்தைப் பற்றிய கேள்வி குறைவாகவும் மற்றது அதிகமாகவும் இருந்ததுதான். கூட்டத்துக்கு நேரத்தோடு வருகிறானா? குறிப்பு எடுக்கிறானா? அடிபட்டபோது மறைத்தானா, சொன்னானா? தங்கிப் படிக்க உதவும் ஆசிரியரிடம் எப்படிப் பேசுகிறான்? ஒரு ஸ்கவுட் எங்களிடம் பேசுவதற்கு முன் நேராக ஜெர்சி துவைத்து மடிக்கும் அறைக்குப் போவார். அங்கே இருக்கும் அண்ணனிடம், "உன் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிற பையன்கள் யார் யார்?" என்று கேட்பார். இதை நான் பையன்களிடம் சொல்லவே மாட்டேன். சொன்னால் எல்லோரும் நாளைக்கே போய்ப் பெயர் கேட்டுவிடுவார்கள்.

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபோலிஸில் என்எஃப்எல் நடத்தும் சோதனை முகாமான கம்பைனுக்கு 300-க்கும் சற்று அதிகமான பேருக்கு அழைப்பு வரும். எங்கள் ஆட்கள் வருடத்துக்கு ஒருவர் போனால் அதிகம். தொலைக்காட்சியில் 40 கஜ ஓட்டத்தைத்தான் காட்டுவார்கள்; அணிகள் அங்கே உண்மையில் போவது மருத்துவப் பரிசோதனைக்கும் நேர்காணலுக்கும். கம்பைன் இல்லாதவனுக்கு மார்ச்சில் கல்லூரியிலேயே நடக்கும் புரோ டே ஒன்றுதான் கதி.

2020-இல் அதுவும் இல்லாமல் போயிற்று. மார்ச் நடுவில் கொரோனாவுக்காக எல்லாம் ஒரே வாரத்தில் மூடப்பட்டன. எங்கள் புரோ டே அதற்கு அடுத்த வாரம். அந்த வருடம் எங்களிடம் ஒரு லெஃப்ட் டாக்கிள் இருந்தான். குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காக்கிற இடம். மூன்று வருடம் அந்த இடத்தில் நன்றாகவே ஆடினான், ஆனால் கை நீளம் 32 அங்குலம் சொச்சம். 33 இல்லாத டாக்கிளை என்எஃப்எல்லில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஓரத்தில் பாய்ந்து வருகிறவனின் கை இவன் நெஞ்சுக்கு முதலில் வந்துவிடும். டிசம்பரில் ஆட்டம் முடிந்ததும் மேலாளர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ அங்கே டாக்கிள் இல்லை. சென்டர். நாளையிலிருந்து பந்தை ஸ்னாப் செய்யப் பழகு." சென்டர் என்பவன் வரிசையின் நடுவில் நின்று பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிறவன்; அப்படிக் கொடுப்பதுதான் ஸ்னாப். பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்குக்கூடக் கொஞ்சம் கடுமையாகத்தான் பட்டது. ஆனால் வீட்டு கேரேஜில் பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து தினமும் 100 பந்து போட்டான்.

புரோ டே இல்லை என்றதும் அணிகள் வீடியோ அனுப்பச் சொன்னன. நாடு முழுக்கப் பையன்கள் தங்கள் ஓட்டத்தைப் படம் பிடித்து அனுப்பினார்கள், அத்தனை நேரமும் அற்புதமாக இருந்தன. எங்கள் பையனின் ஊர் ஹைஸ்கூல் மைதானத்தில் அவன் தங்கை போனைப் பிடித்தாள், நான் இன்னொரு போனில் வீடியோ அழைப்பில் இருந்தேன். முதலில் எடை இயந்திரம். 45 பவுண்டு இரும்புத் தட்டை அதில் வைத்து 45 காட்டுகிறதா என்று படமெடுத்துவிட்டுத்தான் அவன் ஏறினான். ஓட்டத்துக்குக் கோட்டிலிருந்து கோடு வரை அளவு நாடாவைத் தரையிலேயே விட்டு வைத்தோம். தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டில்லாத ஒரே காட்சி. அதன்பின் முப்பது ஸ்னாப், கெட்டுப்போன இரண்டையும் சேர்த்து. தங்கை ஸ்டாப்வாட்சில் எடுத்தது 5.08 விநாடி. நான் வீடியோவை ஒவ்வொரு சட்டமாக நகர்த்திக் கணக்குப் போட்டபோது 5.19 வந்தது. 5.19 என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு போன். என் தாளைக் குப்பையில் போட்ட அதே வயதானவர். "எனக்கு வருகிற லைன்மேன் எல்லாம் 4.9 ஓடுகிறான். உன் பையன் மட்டும் ஏன் 5.19?" என்றார். அளந்ததில் வந்தது அதுதான் என்றேன். கை நீளத்தை யார் அளந்தார்கள் என்று கேட்டார். ஜூலையில் நான் அளந்தது, எட்டில் ஒரு பங்கு கூடக் குறைய இருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு எங்களிடம் இருந்த இன்னொரு பையனைப் பற்றி, சேஃப்டி ஒருவன், கால்மணி நேரம் கேட்டார். அவருடைய அணி எங்கள் சென்டருக்குக் கடைசிவரை கூப்பிடவே இல்லை, அது வேறு. ஆனால் அந்தப் போனை நான் மறக்கவில்லை.

ஏப்ரல் 25, சனிக்கிழமை, டிராஃப்டின் மூன்றாம் நாள். நான்காம் சுற்றிலிருந்து ஏழு வரை அன்றைக்குத்தான். வெளியே தெரியாத விஷயம் ஒன்று: ஆறாவது சுற்று ஓடும்போதே அணிகள் போன் போட ஆரம்பித்துவிடும், "உன்னை யாரும் எடுக்காவிட்டால் எங்களிடம் வா" என்று. ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்டால் பெயர் திரையில் வரும், வீட்டில் எல்லோரும் அழுவார்கள், நான்கு வருட ஒப்பந்தம், ஆனால் அணி உங்களைத் தேர்ந்தெடுத்தது. எடுக்கப்படாவிட்டால் மூன்று வருட ஒப்பந்தம்தான், ஆனால் நீங்கள் அணியைத் தேர்ந்தெடுக்கலாம். நடுத்தரப் பையனுக்கு இரண்டாவதே மேல் என்பது என் கட்சி. அன்றைக்கு ஏழாம் சுற்றில் அவன் பெயர் வந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

டிராஃப்ட் முடிந்த பிறகு யோசிக்க இருபது நிமிடம்கூட இருக்காது. போன் அடித்துக்கொண்டே இருக்கும், சரி என்று சொல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அதனால் முந்தைய வாரமே நானும் அவன் ஏஜெண்டும் 32 அணிக்கும் ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தோம். அந்த அணியில் இப்போது எத்தனை சென்டர், கார்ட் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். முதல் சென்டருக்கு வயது என்ன, ஒப்பந்தம் எப்போது முடிகிறது. ஓட்ட ஆட்டத்தில் லைன் முழுவதும் பக்கவாட்டில் நகரும் பாணியா, நேராக இடித்துத் தள்ளும் பாணியா. எங்கள் பையன் நகருவதில் கெட்டிக்காரன். கடந்த மூன்று வருடத்தில் டிராஃப்ட் ஆகாதவர்கள் எத்தனை பேர் அங்கே தங்கினார்கள். கடைசியாக ஒரு பத்தி, எனக்கு மிகவும் பிடித்தது: போன் போட்டது யார்? ஸ்கவுட்டா, லைன் பயிற்சியாளரே கூப்பிட்டாரா? முகாமில் அவனைக் காப்பாற்றப் போவது பயிற்சியாளர்தான்.

மூன்று அணிகள் கூப்பிட்டன. அதிக முன்பணம் தருவதாகச் சொன்ன அணியில் அவன் இடத்துக்கு ஏழு பேர். அவன் அப்பா அதைத்தான் வாங்கச் சொன்னார், அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மாதம் அவர் வேலையிலும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு தந்த அணியில் சென்டர் இரண்டே பேர், அதில் ஒருவருக்கு முப்பத்து மூன்று வயது. லைன் பயிற்சியாளரே பேசினார், கெட்டுப்போன அந்த இரண்டு ஸ்னாப்பைப் பற்றித்தான் முதலில் கேட்டார். அவன் அங்கே போனான்.

அந்த வருடம் டிராஃப்ட் ஆகாதவர்களுக்குப் படுமோசமான வருடம். கோடைப் பயிற்சி எல்லாம் கணினித் திரையில். முகாமில் வழக்கமான 90 பேருக்குப் பதில் 80. சீசனுக்கு முந்தைய ஆட்டங்கள் ஒன்றுகூட இல்லை, அதாவது புதியவன் தன்னைக் காட்டிக்கொள்ள மேடையே கிடையாது. செப்டம்பர் 5-ஆம் தேதி 53 பேராகக் குறைத்தபோது அவனை வெட்டினார்கள். மறுநாள் அதே அணி பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொண்டது. வாரம் 8,400 டாலர். டிசம்பரில் முதல் சென்டருக்கு முழங்கால் போக, இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் அவனை முதன்மை அணிக்குள் எடுத்தார்கள். முதல் ஆட்டத்தில் அவன் போட்டது மொத்தம் ஒன்பது ஸ்னாப். நான் எண்ணினேன்.

ஏஜெண்ட் விஷயம் சுருக்கமாக. ஆட்டக்காரர் சங்கத்தின் சான்று பெற்ற ஏஜெண்ட் ஒப்பந்தத் தொகையில் அதிகபட்சம் 3 சதவீதம் வாங்கலாம், படிவத்தில் இயல்பாக இருப்பது 1.5 சதவீதம். பேரம் பேசலாம் என்பதே பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பயிற்சிச் செலவை ஏஜெண்ட் ஏற்பதாகச் சொல்வார். டிராஃப்ட் ஆகாவிட்டால், அல்லது ஏஜெண்டை மாற்றினால், அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். எங்கள் ரிசீவர் ஒருவன் வாங்கவில்லை. கடன் அடைக்க ஒரு வருடம் கிடங்கில் வேலை பார்த்தான்.

மூன்றாம் வருடத்திலேயே கிளம்புகிறேன் என்று நிற்பவர்களுக்கு என்எஃப்எல்லின் ஆலோசனைக் குழு ஒன்று கருத்து சொல்லும். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, இரண்டும் இல்லை. மூன்றே பதில். மூன்றாவது வந்தால் கல்லூரியில் இருந்துகொள் என்று அர்த்தம். அது வந்தும் கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன், காரணம் பெரும்பாலும் வீட்டில் பணமுடை. 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரை வைத்து மாணவர்கள் சம்பாதிக்கலாம் என்று ஆனதாலும், 2025-இல் நீதிமன்ற ஒப்பந்தத்தின்படி கல்லூரிகளே வருமானத்தில் பங்கு தர ஆரம்பித்ததாலும் அந்த அவசரம் குறைந்திருக்கிறது. பையன்களுக்கு நல்லது. எங்களைப் போன்ற இடங்களுக்கு வயிற்றெரிச்சல். நாங்கள் கண்டுபிடித்து மூன்று வருடம் ஊட்டி வளர்த்தவனை கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகப் பெரிய கல்லூரி ஒரே வாரத்தில் கூட்டிக்கொண்டு போய்விடும். அவனுடைய அளவுகளைக் கேட்டு அந்தக் கல்லூரியிலிருந்து எனக்குத்தான் போன் வரும். சரியான அளவையே சொல்லுவேன், என்ன செய்ய.

அந்த லைன்பேக்கர் 2018 கோடையிலேயே கனடா போனான். அங்கே மைதானம் அகலம், பக்கத்துக்கு 12 பேர், பத்து கஜம் முன்னேற நான்குக்குப் பதில் மூன்று முயற்சிதான், அதனால் பந்து அதிகம் காற்றில் போகும். இடிப்பதைவிட ஓடத் தெரிந்த லைன்பேக்கருக்கு அது வாகான ஆட்டம். ஆறடி அங்கே யாருக்கும் உறுத்தவில்லை. எங்கள் எக்செல்லில் கனடாவுக்கு ஒரு பத்தியே இல்லாமல் இருந்தது எவ்வளவு பெரிய ஓட்டை என்று அவன் போன பிறகுதான் தெரிந்தது. இரண்டு சீசன் ஆடினான். 2020-இல் கொரோனாவால் கனடா லீக் சீசனையே ரத்து செய்தது, அதோடு ஊர் திரும்பி ஒரு ஹைஸ்கூலில் பயிற்சியாளராகிவிட்டான்.

இப்போது வருடத்துக்கு நான்கைந்து பையன்களின் ஹட்ல் இணைப்பு அவனிடமிருந்து வரும். போன மாதம் வந்ததில் வீடியோவுக்குக் கீழே ஒரு வரிதான் எழுதியிருந்தான்: "5107. ஷூ இல்லாமல், நானே அளந்தேன். தோற்ற ஆட்டமும் இணைத்திருக்கிறேன்."